எம்சி நாள்ல கல்ட் படம்: புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

காச்சல், சளி, தொண்ட வலின்னு எம்சி, அதான் டாக்டர் குடுக்குற மருத்துவ லீவு சீட்டு, எடுத்துட்டு வீட்ல படுத்திருக்கீங்க, கல்ட் படம் கல்ட் படம்னு கூட்டாளிங்க பேசுறத கேட்டிருக்கீங்க ஆனா எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியல, அப்படின்னா இது உங்களுக்குத்தான். நான் மலேசியாவுல, கேஎல்ல (கோலாலம்பூர்) செந்தூல் பக்கம் ஒரு பிளாட்டுல தனியா இருக்கேன், ஒடம்பு முடியாத நாள்ல படம் பாக்குறத ரொம்ப வருசமா ஒரு ஒழுங்கோட செஞ்சுக்கிட்டு வரேன், அந்த ஒழுங்க அப்படியே இங்க எழுதுறேன்.

மத்ததெல்லாம் மறந்தாலும் இத மட்டும் மறந்துடாதீங்க: ஒரு எம்சி நாளுக்கு ஒரே ஒரு புதுப் படம். மிச்ச நேரத்துக்கெல்லாம் ஏற்கனவே பாத்த படம் போதும். இந்த மாதிரி படங்க ஒரு தடவ பாத்து முடிச்சுட்டு தூக்கிப் போடுற படங்க கெடையாது, காச்சலோட வரிசையா நாலஞ்ச ஓட விட்டீங்கன்னா மறுநாள் எந்த சீன் எந்தப் படத்துல வந்துச்சுன்னே தெரியாது, அதோட ஒரு நல்ல படத்த மொதல் தடவ பாக்குற வாய்ப்பும் போயிடும், அது ஒரு தடவதான் கெடைக்கும்.

கல்ட் படம்னா எதுன்னு கேட்டா நான் குணாவத்தான் காட்டுவேன். 1991 தீபாவளிக்கு தளபதியும் குணாவும் ஒரே நாள்ல வந்துச்சு, தளபதி ஓடு ஓடுன்னு ஓடுச்சு, குணா அடி வாங்குச்சு. ஆனா கொடைக்கானல்ல அந்தப் படம் எடுத்த குகைக்கு இன்னிக்கு பேரே குணா குகைதான். 2024ல மஞ்ஞும்மல் பாய்ஸ்னு மலையாளப் படம் வந்தப்போ, அதுல குணாவோட கண்மணி அன்போடு பாட்டு ஆரம்பிச்சதும் நான் போன ஷோவுல இருந்த பசங்க மொத்த பேரும் கூட சேந்து பாடுனாங்க, அதுல பாதி பேரு குணா ரிலீஸ் ஆனப்போ பொறந்தே இருக்க மாட்டாங்க. வந்தப்போ ஓடாம போயி, பின்னாடி டிவியிலயும் விசிடியிலயும் திரும்பத் திரும்ப பாத்தவங்க கைப்புடிச்சு தூக்கி விட்ட படம், அது ஒரு வகை. இன்னொரு வகை, நல்லா ஓடி அதுக்கப்புறமும் ஆளுங்க வசனத்த மனப்பாடமா வெச்சுக்கிட்டு பேசிக்கிட்டே இருக்குற படம், 1954ல வந்த ரத்தக்கண்ணீர்ல எம்.ஆர்.ராதா பேசுனத இன்னிக்கும் கல்யாண வீட்ல யாராவது ஒரு மாமா அப்படியே பேசிக் காட்டுவாரு பாருங்க, அந்த மாதிரி.

சரி, வேலைக்கு வருவோம்.

ஒடம்பு நல்லா இருக்கும்போதே செய்ய வேண்டியது

காச்சல் வந்தப்புறம் படம் தேடாதீங்க. தலவலியோட ரிமோட்ட வெச்சுக்கிட்டு ஒவ்வொரு ஆப்பா தொறந்து மூடி ஒரு மணி நேரம் போயிடும், கடைசில எதையுமே பாக்காம தூங்கிடுவீங்க. ஓடிடியில படங்க வரும் போகும், இந்த மாசம் இருக்குறது அடுத்த மாசம் இருக்காது, அதனால ஃபோன்ல ஒரு சின்ன லிஸ்ட் எழுதி வெச்சுக்குங்க, மூணு பழகுன படம், ரெண்டு புதுப் படம், அது போதும். எங்க கெடைக்குதுன்னு பாத்து ரெண்டு படத்தையாவது டவுன்லோட் பண்ணி வெச்சுடுங்க. ஏன் டவுன்லோட்னா, கேஎல்ல சாயங்காலம் மழ புடிச்சா அஸ்ட்ரோ சேட்டலைட் டிவி சிக்னல் போயிடும், கறுப்பா ஆயி சேவ இல்லன்னு எழுத்து மட்டும் வரும், வைஃபையும் சில வீட்ல இடி இடிச்சா தகராறு பண்ணும். ஏப்ரல் மே மாசத்துலயும் அக்டோபர் நவம்பர்லயும் கிட்டத்தட்ட தினமும் இந்தக் கததான். படம் நல்ல கட்டத்துல நிக்கும்போது இது நடந்தா ஒடம்பு சரியில்லாதவங்களுக்கு அழுகையே வந்துடும்.

மொதல்ல கிளினிக்

படுத்துக்கிட்டே படம் பாக்கலாம்னு கிளினிக் போறத தள்ளிப் போடாதீங்க. எம்சி இல்லாம லீவு போட்டா மனசு பூரா ஆபீஸ்லதான் இருக்கும், படம் மண்டையில ஏறாது. புதுசா வேலைக்கு சேந்தவங்களுக்காக சொல்றேன், மலேசிய வேலைச் சட்டம் 1955, 60எஃப் பிரிவுல சம்பளத்தோட மருத்துவ லீவு இருக்கு: வேல செஞ்சது ரெண்டு வருசத்துக்குக் கம்மின்னா வருசத்துக்கு 14 நாள், ரெண்டுலேருந்து அஞ்சு வருசத்துக்குள்ளன்னா 18, அஞ்சுக்கு மேலன்னா 22. ஆனா 48 மணி நேரத்துக்குள்ள முதலாளிக்குத் தெரியப்படுத்தணும், இல்லன்னா சொல்லாம மட்டம் போட்ட கணக்குல போயிடும். அதனால டாக்டர்கிட்டேருந்து வெளிய வந்ததும் எம்சிய படம் புடிச்சு மேனேஜருக்கும் எச்.ஆருக்கும் வாட்சப்புல அனுப்பிட்டு குரூப்ப மியூட் பண்ணிடுங்க. கம்பெனியே காசு கட்டுற பேனல் கிளினிக் இருந்தா அங்க போறதுதான் பிரச்சன இல்லாதது. பேனல் இல்ல, கையில காசும் இல்லன்னா கிளினிக் கெசிஹாத்தான், அதான் அரசாங்க கிளினிக், போங்க, குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்), மருந்தும் அதுலயே வந்துடும், என்ன, காலையிலயே போயி உக்காந்துடணும்.

கிளினிக்லேருந்து திரும்பி வர்ற வழியிலயே சாப்பாட்ட முடிச்சுக்குங்க. சீனக் கடை கஞ்சி ஒண்ணு தாப்பாவ், அதான் பார்சல், பண்ணிக்குங்க, வீட்ல அரிசியும் நெத்திலியும் இருந்தா நீங்களே வெச்சுக்கலாம். ரசம் வெச்சுக் குடுக்க ஆளு இருந்தா கேக்க வெக்கப்படாதீங்க. ஹண்ட்ரட் ப்ளஸ் ரெண்டு டின், இல்ல எளநி. கிரீம் கிராக்கர் பிஸ்கட், மைலோ. பொரிச்ச கோழி, சம்பால் எல்லாம் தொண்ட சரியானப்புறம். இதெல்லாம் முன்னாடியே வாங்கிட்டீங்கன்னா படத்துக்கு நடுவுல கிராப் காரரு கீழ கார்ட் போஸ்ட்ல நின்னுக்கிட்டு ஃபோன் பண்ற தொல்ல இருக்காது.

மருந்த வெச்சுத்தான் படத்த அடுக்கணும்

இதுதான் இந்தக் கட்டுரையில நான் ரொம்ப முக்கியம்னு நெனைக்கிற பகுதி, பொறுமையா படிங்க.

காச்சல் நாள் பூரா ஒரே மாதிரி இருக்காது. பெனடால், அதான் பாரசிட்டமால் மாத்தர, போட்டா அர மணியிலேருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள வேல செய்ய ஆரம்பிக்கும், நாலுலேருந்து ஆறு மணி நேரம் தாங்கும், அதுல நடுவுல ஒரு ரெண்டு மணி நேரம் தல தெளிவா இருக்கும், கண்ணு எரியாது, பசி கூட லேசா எடுக்கும். அந்த ரெண்டு மணி நேரந்தான் புதுப் படத்துக்கு. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் பழகுன படம்.

இன்னொண்ணு, சளிக்கு கிளினிக்ல ஒரு குட்டி மஞ்ச மாத்தர குடுப்பாங்க, குளோர்ஃபெனிரமின், நம்ம ஆளுங்க பிரிட்டோன்னு சொல்றது. அத போட்டா தூக்கம் அப்படியே கண்ண இழுக்கும். அத போட்டுட்டு புதுப் படம் ஆரம்பிச்சா டைட்டில் கார்டுக்கு அப்புறம் எதுவும் ஞாபகம் இருக்காது. அதுக்காக மாத்தரைய தள்ளிப் போடாதீங்க, டாக்டர் சொன்ன நேரத்த மாத்தாதீங்க, படத்தோட நேரத்த மாத்துங்க. மஞ்ச மாத்தர போட்ட ஒடனே பாத்த படத்த ஓட விட்டு அதுலயே தூங்கிடலாம், எழுந்து அடுத்த வேள பெனடால் போட்டுட்டு புதுசு.

பெனடால் கணக்கும் எழுதி வெச்சுக்குங்க, படம் பாக்குற ஜோர்ல எப்ப போட்டோம்னு மறந்துடும். பெரியவங்களுக்கு 500 மில்லிகிராம் மாத்தர ஒரு தடவைக்கு ஒண்ணு இல்ல ரெண்டு, நடுவுல நாலு மணி நேரமாவது விடணும், 24 மணி நேரத்துல மொத்தம் எட்டுக்கு மேல போகக் கூடாது. கிளினிக்ல குடுத்த காச்சல் மாத்தரையே அனேகமா பாரசிட்டமாலாத்தான் இருக்கும், அதோட சேத்து வீட்ல இருக்குற பெனடாலையும் சளி பெனடாலையும் போட்டா ரெண்டு மூணு மடங்கா ஆயிடும், கல்லீரலுக்கு ஆபத்து. பாக்கெட்டு மேல போட்டிருக்குற பேர படிச்சுப் பாத்துட்டு முழுங்குங்க.

எடத்த தயார் பண்றது

லேப்டாப்ப நெஞ்சு மேல வெச்சுக்கிட்டு பாக்காதீங்க, சூட்டுக்கு மேல சூடு. ஃபோன மூஞ்சிக்கு மேல தூக்கிப் புடிச்சா பத்து நிமிசத்துல கை வலிக்கும். டிவி ஹால்ல இருந்துச்சுன்னா மெத்தைய ஹாலுக்கு இழுத்துட்டு வந்துடுங்க, தலைக்கு ரெண்டு தலகாணி, சளி உள்ளவங்களுக்கு தல கொஞ்சம் ஒசரமா இருந்தாத்தான் மூச்சு விட முடியும். காத்தாடி நேரா மூஞ்சில அடிக்க வேணாம். கர்ட்டன பாதி இழுத்து விடுங்க, முழு இருட்டு வேணாம், இருட்டுல வெளிச்சமான ஸ்கிரீன பாத்தா தலவலி கூடும்.

சத்தத்த கொறச்சு வைங்க. இதுல நமக்கு ஒரு வசதி இருக்கு, அஸ்ட்ரோவுல தமிழ்ப் படம் போட்டா கீழ மலாய்ல சப்டைட்டில் ஓடும், காது அடைச்சிருந்தாலும் வசனத்த விடாம புடிச்சுக்கலாம். சின்ன வயசுலேருந்து நாம தமிழ காதுல கேட்டுக்கிட்டு மலாய கண்ணுல படிச்சு வளந்தவங்கதானே, காச்சல்லயும் அது வரும்.

படம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வீட்டுக்கு ஒரு ஃபோன் போட்டுடுங்க. கிள்ளான்ல இருக்குற எங்கம்மாவுக்கு நான் எம்சின்னு தெரிஞ்சா ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவ அடிப்பாங்க, ஏம்மா கஞ்சி குடிச்சியா, கோடாலித் தைலம் தேச்சியா, காத்தாடிய நிறுத்துனியான்னு. அவங்களுக்கும் நிம்மதி வேணும்ல, அதனால நானே மொதல்ல கூப்புட்டு, ம்மா எல்லாம் ஆச்சு, இப்போ தூங்கப் போறேன், எழுந்து அடிக்கிறேன்னு சொல்லிட்டுத்தான் படத்தப் போடுவேன்.

அப்புறம் இடைவேளை. தமிழ்ப் படத்துல நடுவுல இடைவேளைன்னு கார்டு வருதே, ஓடிடியில பாக்கும்போது அத கண்டுக்காம தாண்டிப் போயிடுறோம், ஒடம்பு சரியில்லாத நாள்ல தாண்டாதீங்க. அந்த கார்டு வந்ததும் நிறுத்திட்டு எழுந்திரிங்க. ஒரு கிளாஸ் வெதுவெதுப்பான தண்ணில அர டீஸ்பூன் உப்பு போட்டு தொண்டைய கொப்பளிங்க, பாத்ரூம் போங்க, காச்சல் எவ்வளவு இருக்குன்னு பாத்து எழுதுங்க, எதையாவது குடிங்க. ஒவ்வொரு பாட்டு வரும்போதும் அர டம்ளர் தண்ணி குடிக்கிற பழக்கம் வெச்சுக்கிட்டா படம் முடியிறதுக்குள்ள ஒடம்புக்குத் தேவையான தண்ணி தானா போயிடும். பாட்டே இல்லாத படம்னா அலாரம் வெச்சுக்குங்க.

காலையில: கண்ண மூடிக்கிட்டு பாக்குற படம்

கிளினிக் போயிட்டு வந்து படுத்ததும் கண்ணு எரியும், ஸ்கிரீன பாக்கவே புடிக்காது. அந்த நேரத்துக்கு மைக்கேல் மதன காம ராஜன விட நல்ல படம் எனக்குத் தெரிஞ்சு இல்ல. 1990 தீபாவளிக்கு வந்தது, சிங்கீதம் சீனிவாச ராவ் டைரக்சன், கிரேசி மோகன் வசனம், கமலுக்கு நாலு வேசம். இத நீங்க டிவியில துண்டு துண்டா பத்து தடவையாவது பாத்திருப்பீங்க, அதுதான் வேணும். கண்ண மூடிக்கிட்டு காத மட்டும் குடுங்க. நாலு கமலும் நாலு விதமா பேசுறது அப்போதான் தெளிவா கேக்கும், மைக்கேலுக்கு கரகரன்னு தொண்ட, மதனுக்கு இங்கிலீஸ் கலந்த சீமைத் தமிழ், ராஜு மெட்ராஸ்காரரு, காமேஸ்வரன் பாலக்காட்டுத் தமிழ்ல இழுத்து இழுத்து பேசுவாரு. கண்ணத் தொறக்காமலே யாரு பேசுறான்னு சொல்லிடலாம். வசனத்துக்குள்ள இன்னொரு வசனம் ஒளிஞ்சிருக்கும், ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர் வேற அர்த்தத்துல எடுத்துக்கிட்டு பதில் சொல்றது, அது முடியிறதுக்குள்ள மூணாவது ஆளு, மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருந்தா இதுல பாதி கவனத்துல வராது. நடுவுல தூங்கிட்டாலும் ஒண்ணும் கெட்டுப் போயிடல, சாம்பார்ல மீனு விழுற எடத்துல முழிச்சீங்கன்னா அங்கேருந்து பாத்துக்கலாம்.

மலாய்ப் படம் பழகுன வீடுன்னா நடிகர் பி.ரம்லியோட பெண்டேகார் புஜாங் லாப்போக் இதே வேலைய செய்யும், 1959ல வந்தது. பி.ரம்லி, அஸிஸ் சத்தார், எஸ்.சம்சுடின் மூணு பேரும் பெரிய ஆளுங்களா ஆனப்புறம் உக்காந்து எழுத்துப் படிக்கிற கிளாஸ் சீன் இருக்கே, அதுல வர்ற வசனம் தெரியாத மலேசியர் கொறச்சல். பி.ரம்லி பினாங்குல பொறந்த மனுசன், அவர கதாநாயகனா போட்டு மொதல் படம் எடுத்தது எல்.கிருஷ்ணன், 1950ல, பக்தி. மெட்ராஸ்ல பொறந்த ஒரு தமிழர் எடுத்த படத்துலதான் பி.ரம்லி ஹீரோ ஆனாருன்னு நம்ம பிள்ளைங்களுக்கு சொல்லுங்க.

மத்தியானம்: அந்த ஒரு புதுப் படம்

கஞ்சி குடிச்சாச்சு, மாத்தர போட்டாச்சு, ஒரு மணி நேரம் ஆச்சு, தல தெளிஞ்சிருக்கு. இப்போ.

காச்சல் நாளுக்கு நான் புதுசா பாக்கச் சொல்றது ரெண்டே படம், ரெண்டுல ஒண்ண எடுத்துக்குங்க.

மொதல்ல அவள் அப்படித்தான். 1978, ருத்ரய்யா டைரக்ட் பண்ணது, அவரு மொத்தமே ரெண்டு படந்தான் எடுத்தாரு, இது மொதலாவது. கமல், ரஜினி, ஸ்ரீபிரியா, இளையராஜா, அப்பேர்ப்பட்ட ஆளுங்கள வெச்சுக்கிட்டு கறுப்பு வெள்ளையில, ரெண்டு மணி நேரத்துக்கும் கொறச்சலா, சண்ட கெடையாது, வெட்டு குத்து கெடையாது. வந்தப்போ பெருசா ஓடல, ஆனா தமிழ் சினிமாவப் பத்தி அக்கறையா பேசுற யாரு லிஸ்ட் போட்டாலும் அதுல இருக்கும். காச்சல் நாளுக்கு இத ஏன் சொல்றேன்னா படம் கத்தாது. ஆளுங்க உக்காந்து பேசுறாங்க, அறைக்குள்ள நெழல் வெளிச்சம் நெழல் வெளிச்சம்னு விழுது, கண்ண உறுத்துற கலரு கெடையாது. மஞ்சுவா வர்ற ஸ்ரீபிரியா ஒரு விளம்பரக் கம்பெனியில வேல செய்றா, அவளுக்கு பாஸ் தியாகு, அதான் ரஜினி, பொம்பளைங்கள பத்தி வாய்க்கு வந்தத பேசுற ஆளு. கமல் அருணா வர்றாரு, பொம்பளைங்க வாழ்க்கையப் பத்தி டாக்குமெண்டரி எடுக்குறவரு, கேமராவ வெச்சுக்கிட்டு கேள்வி கேட்டுக்கிட்டுத் திரியிறவரு, ஆனா பக்கத்துல இருக்குற ஒருத்திய புரிஞ்சுக்க முடியல. மஞ்சுவ புடிக்கலாம் புடிக்காம போகலாம், ஒரு சீன்ல அவ பக்கம் நிப்பீங்க அடுத்த சீன்ல அவமேலயே கோவம் வரும், அந்தப் படம் அப்படித்தான் வேணும்னு செஞ்சிருக்கு. கதைய தேடிப் படிச்சுட்டு பாக்காதீங்க, கடைசி அஞ்சு நிமிசத்த யாரும் சொல்லாம பாக்கணும். உறவுகள் தொடர்கதை பாட்டு வரும்போது மட்டும் தண்ணி குடிக்க எழுந்திரிக்க வேணாம், அத முழுசா பாருங்க.

ரெண்டாவது அந்த நாள், 1954, ஏவிஎம் படம், வீணை எஸ்.பாலசந்தர் டைரக்ட் பண்ணது. பாட்டே இல்லாம வந்த மொதல் தமிழ்ப் படம், பாட்டு இல்லாம படமான்னு ஜனங்க கேட்ட காலத்துல, டைரக்ட் பண்ணவரே ஒரு சங்கீத வித்துவான், யோசிச்சுப் பாருங்க. படம் ஆரம்பிச்ச ஒடனே சிவாஜி சுடப்பட்டு செத்துடுறாரு, அதுக்கப்புறம் ஒவ்வொருத்தரா அவரப் பத்தி அவங்கவங்க பார்வையில சொல்லச் சொல்ல ஒரே ஆளு வேற வேற ஆளா தெரியிறாரு. கத நடக்குறது 1943 அக்டோபர்ல ஜப்பான்காரன் மெட்ராஸ் மேல குண்டு போட்ட சமயம். நாம இத பாக்கும்போது நமக்கு இன்னொண்ணும் சேந்து வரும், அதே 1943லதான் இங்க தோட்டங்கள்லேருந்து நம்ம ஆளுங்கள ஜப்பான்காரன் சயாம்-பர்மா ரயில் பாத போட கொண்டு போயி அங்கயே சாக விட்டது. ஜப்பான்காரன் காலத்துக் கதைய பாட்டி வாயால கேட்டு வளந்த வீட்லேருந்து வந்தவங்க இந்தப் படத்த பாத்தா, மெட்ராஸ்ல ஒக்காந்து பாத்தவங்களுக்குப் பட்டத விட வேற எடத்துல அது படும். இதுல பாட்டு இல்லாததால அலாரம் வைக்க மறக்காதீங்க.

எத எடுத்தாலும் ஸ்பீட கூட்டி வெச்சு பாக்காதீங்க. தூக்கம் வந்தா நிறுத்திட்டு எத்தன நிமிசத்துல நிறுத்துனோம்னு பாத்து வெச்சுட்டு தூங்குங்க, படம் எங்கயும் ஓடிடாது.

சாயங்காலம்: நம்ம ஊருப் படம்

நாலு மணிக்கு மேல காச்சல் திரும்ப ஏறும், மனசும் சோர்ந்து போயிருக்கும். இப்போ டவுன்லோட் பண்ணி வெச்சதுல நம்ம ஊரு தமிழ்ப் படம் ஒண்ண எடுங்க, முன்னாடி பாத்ததா இருந்தா நல்லது. நான் எடுக்குறது செம்மண் சாலை, தீபக் குமரன் மேனன் 2005ல எடுத்தது, ரப்பர் தோட்டத்துல படிக்க ஆசப்படுற ஒரு பொண்ணோட குடும்பம். மெதுவான படம், நெறைய பேருக்கு மெதுவா இருக்குங்குறதே கொற, ஒடம்பு முடியாதவங்களுக்கு அந்த வேகம் அளவா இருக்கும். இதுவரைக்கும் பாக்காதவங்க இத அடுத்த எம்சியோட புதுப் படமா வெச்சுக்குங்க.

ஜகாட்டும் இருக்கு, சஞ்சய் குமார் பெருமாள் எடுத்தது, 2015. 28வது மலேசியத் திரைப்பட விழாவுல சிறந்த மலேசியத் திரைப்படம் விருது வாங்குச்சு, ஒரு தமிழ்ப் படம் அத வாங்குனது அதுதான் மொதல் தடவ, இத நான் எழுதும்போது கூட மனசு நெறையுது. தோட்டத்த விட்டு வெளிய வந்த குடும்பங்க, அப்போய்ங்குற பையன், அவனோட சித்தப்பாமாருங்க. ஆனா பையன் அடி வாங்குற எடமெல்லாம் மனச அமுக்கும், காச்சல் ஏறுற நேரத்துல வேணாம். தெம்பு வந்தப்புறம் அதுக்குன்னு ஒரு நாள் ஒதுக்குங்க, அத பாக்காம மலேசியத் தமிழ்ப் படம் எதுவுமே சரியில்லன்னு பேசக் கூடாது.

காச்சல் நாள்ல தொடக் கூடாதது

நல்ல படம், ஆனா அன்னிக்கு வேணாம், அந்த லிஸ்ட் இது.

ஆயிரத்தில் ஒருவன், செல்வராகவனோடது, 2010. நீளம், சத்தம், ரத்தம், இருட்டு. சோழன தேடிப் போற பாதி ஒரு படம், சோழன கண்டுபுடிச்சப்புறம் வர்ற பாதி வேற ஒரு படம், அந்த மாத்தம்தான் அதோட பலமே, காச்சல் கனவோட கலந்துடுச்சுன்னா எது படம் எது கனவுன்னு தெரியாது. புதுப்பேட்டையும் அப்படித்தான். ரத்தக்கண்ணீர் வசனம் எவ்வளவு சுகமா இருந்தாலும் நோயில கெடக்குற மனுசனோட கத, தனியா படுத்துக்கிட்டு பாக்க வேணாம்.

அன்பே சிவம் விசயத்துல ரொம்ப பேரு என்கூட சண்ட போடுவாங்க. 2003 பொங்கலுக்கு வந்து ஓடாம போயி, டிவியில போடப் போட ஜனங்க மனசுல ஒக்காந்த படம், எனக்கு உயிரு. ஆனா அத பாத்தா அழுவீங்க, அழுதா கண்ணீரு மூக்குக்குள்ள எறங்கி இருக்குற அடைப்பு இன்னும் கூடும், ராத்திரி வாயால மூச்சு விட்டுக்கிட்டு தொண்ட காஞ்சு போயி எழுந்திரிப்பீங்க. மூக்கு தொறந்தப்புறம் பாருங்க.

வெளிநாட்டுப் படத்துல எரேசர்ஹெட் கண்டிப்பா வேணாம், 1977 டேவிட் லிஞ்ச் படம், படம் பூரா மெசினு இரையிற சத்தமும் ஒடம்பு முடியாத ஒரு கொழந்தையும். ராக்கி ஹாரர் தியேட்டர்ல கூட்டத்தோட கத்திக்கிட்டு பாக்குற படம், தனியா படுத்துக்கிட்டு பாத்தா அதோட அருமை தெரியாது. இங்கிலீஸ்ல எதாவது பாத்தே ஆகணும்னா தி பிக் லெபாவ்ஸ்கி பாருங்க, 1998, ஹீரோ பாதி படத்துக்கு வீட்டு அங்கியோடதான் சுத்துவாரு, அவசரமே இல்லாத ஆளு. பிளேட் ரன்னர் ஆசைன்னா அதுல பல வெர்சன் இருக்கு, மொதல் தடவைக்கு 2007ல வந்த ஃபைனல் கட் எடுத்துக்குங்க. கேமராவ கையில வெச்சு ஆட்டி ஆட்டி எடுத்த படம் எதுவும் வேணாம், வாந்தி வர்ற மாதிரி இருக்கும்.

ராத்திரி, மறுநாள்

எழுதி வெச்ச காச்சல் கணக்க தூங்கப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாருங்க. நாம இருக்குறது டெங்கி உள்ள ஊரு. திடீர்னு காச்சல் ஏறி, கண்ணுக்குப் பின்னாடி வலி, மூட்டு வலின்னு ரெண்டு மூணு நாளா எறங்கலன்னா அடுத்த படத்த போடாம ரத்தம் டெஸ்ட் பண்ணப் போங்க. வயித்து வலி, நிக்காத வாந்தி, ஈறுலயோ மூக்குலயோ ரத்தம், ரொம்ப அசதி, இதுல எது வந்தாலும் ஒடனே ஆஸ்பத்திரி. டெங்கியில காச்சல் எறங்குற சமயந்தான் ஆபத்தான சமயம், காச்சல் விட்டுடுச்சேன்னு நிம்மதியா படம் பாத்துக்கிட்டு படுத்துடாதீங்க. டெங்கியா இல்லையான்னு தெரியுற வரைக்கும் புருஃபென், ஆஸ்பிரின் மாதிரி வலி மாத்தரைய நீங்களா வாங்கிப் போடாதீங்க, ரத்தக் கசிவு கூடும், பாரசிட்டமால் மட்டும்.

சாதாரணக் காச்சல்னா ரெண்டு மூணு நாள்ல தெம்பு வந்துடும். வந்ததும் அடுத்த சனிக்கிழம ராத்திரி லைட்டெல்லாம் அணைச்சுட்டு, ஹெட்ஃபோன மாட்டிக்கிட்டு ஆரண்ய காண்டம் பாருங்க. 2011, தியாகராஜன் குமாரராஜாவோட மொதல் படம், ஒரே நாள்ல நடக்குற கத, இதுலயும் பாட்டு கெடையாது, மொதல் பட டைரக்டருக்கும் எடிட்டிங்குக்கும் தேசிய விருது வாங்குச்சு. வசனத்துல கெட்ட வார்த்த நெறைய, பிள்ளைங்க தூங்குனப்புறம்.

அதுக்கு முன்னாடி, அந்த வாரத்துக்குள்ளயே, எம்சி அன்னிக்கு பாத்த அந்த ஒரு புதுப் படத்த ரெண்டாவது தடவ பாருங்க. அவள் அப்படித்தான எடுத்திருந்தீங்கன்னா, தியாகு பேசுற ஒவ்வொரு எடத்துலயும் ரஜினிய விட்டுட்டு மஞ்சு மூஞ்சிய பாருங்க, மொதல் தடவ நம்ம கண்ணு அவர் மேலயேதான் இருந்திருக்கும்.